தூரத்துல இருந்து பேசலாமா? கடல் கடந்த தமிழர்களும் இலங்கை ஜனநாயகமும்



2022 ஜூலை 9, சனிக்கிழமை. வால்பாறையில் நல்ல மழை. எங்க லைன் வீட்டுல சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணிக் குழாய் பக்கம்தான். குடையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னு போனைப் பார்த்துட்டு இருந்தேன். கொழும்புல ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனங்க புகுந்துட்டாங்க, நீச்சல் குளத்துல குதிச்சு குளிக்கிறாங்கன்னு வீடியோ மேல வீடியோ.

எங்க சொந்தக்காரங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. வால்பாறையில நாங்க, கூடலூர்ல அத்தை வீடு, ஹட்டன் பக்கத்துல பெரியப்பா மகன், டொராண்டோவுல ஒரு மாமா. அன்னைக்கு நான் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டு எழுதினேன்: "அண்ணே, நீங்களும் கொழும்புக்குக் கிளம்புங்க. இந்த நேரத்துல வீட்ல உக்காந்திருந்தா எப்படி?" டொராண்டோ மாமா உடனே ரெண்டு முஷ்டி போட்டு ஆதரவு சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "தம்பி, நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாள் போனா எனக்கு ரெண்டு பேர் போயிடும். பஸ்ஸுக்கு டீசல் இல்ல. கோதுமை மாவு என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? எங்களுக்கு என்ன வேணும்னு நீங்க யாராவது ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

இலங்கைத் தோட்டத்துல "பேர்"ன்னா ஒரு நாள் வேலைக்கான வருகைப் பதிவு. பேர் விழுந்தாதான் அன்றைய சம்பளம்.

அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. நாட்டை விட்டு வெளியே இருக்கிற ஒரு சமூகம், இணையத்துல பேசிப் பேசியே சொந்த நாட்டுல ஜனநாயகத்தை வளர்க்க முடியுமா? முடியும்னா எப்போ, எப்படி? தேடிப் படிச்சதைத்தான் இந்தக் கட்டுரையில தொகுத்திருக்கேன்.

ஓட்டு மட்டும் ஜனநாயகமா?

முதல்ல ஒரு சொல்லைத் தெளிவா வச்சுக்குவோம். "லிபரல் டெமாக்ரசி"யைத் தமிழில் தாராளவாத ஜனநாயகம் என்கிறார்கள். தேர்தல் நடப்பது அதில் ஒரு பாதிதான். பெரும்பான்மை நினைத்தாலும் பறிக்க முடியாத உரிமைகள், அரசைக் கேள்வி கேட்கும் நீதிமன்றம், பயமில்லாமல் எழுதும் பத்திரிகை, சிறுபான்மைக்குச் சமமான குடியுரிமை ஆகியவை மறுபாதி.

இந்த மறுபாதி இல்லையென்றால் என்ன ஆகும்? பாடப்புத்தகத்துக்குப் போகவே வேண்டாம். எங்க வீட்டுக் கதையே போதும்.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதற்கு முந்தைய 1947 தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழர்களும் ஓட்டுப் போட்டார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பலர் நாடாளுமன்றம் போனார்கள். சுதந்திரம் வந்த அதே வருஷம் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள், ஓட்டும் போனது. மலையகத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடி தேர்தலில் ஜெயித்து உள்ளே போனது 1977-ல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இதையெல்லாம் செய்தது ராணுவம் இல்லை, சர்வாதிகாரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், முறைப்படி விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. அதனால "ஓட்டு இருக்கு, ஜனநாயகம் இருக்கு"ன்னு யாராவது சொன்னா, எங்க அப்பாயி மாதிரி ஆட்கள் சிரிப்பாங்க.

யாரையும் கேட்காமல் போட்ட கணக்கு

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டார்கள். தொண்டமான் 1964 ஒப்பந்தத்தை எதிர்த்தார். ஆனால் பேசி முடிவு செய்தவை ரெண்டு அரசுகள்தான்.

குடும்பங்கள் பிரிந்தன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கே "ஒப்பாரிக் கோச்சி" என்று பேர் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் எங்கே வேலையோ அங்கே. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் வனத்துறை மூலம் தேயிலை நடத் தொடங்கியது. பிற்பாடு அதுதான் டேன்டீ ஆனது. நீலகிரியில்தான் அதிகம், வால்பாறையிலும் உண்டு. எங்க அப்பாயி அப்படி வந்தவங்க. இன்னைக்கும் அவங்களுக்கு அது "கண்டிச்சீமை"தான். ஊர்க்காரங்களுக்கு நாங்க "சிலோன்காரங்க".

அரசு இவர்களை "தாயகம் திரும்பியோர்" என்றது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத ஊருக்கு வந்தவர்களுக்கு எது தாயகம்? புலம்பெயர் சமூகம் என்றால் லண்டன், டொராண்டோ மட்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆலியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் இங்கேயும் ஒரு புலம்பெயர் சமூகம் இருக்கிறது.

வெளியே போனவர்கள் பேச ஆரம்பித்தது

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வடக்கு, கிழக்குத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். போன இடத்தில் முதலில் கையெழுத்துப் பிரதிகளும் சிறுபத்திரிகைகளும் வந்தன. 1988-ல் ஜெர்மனியில் "இலக்கியச் சந்திப்பு" தொடங்கியது. பேருக்கு இலக்கியம், ஆனால் உள்ளே அரசியல், சாதி, பெண் விடுதலை, போராட்டத்தின் தவறுகள் என எல்லாமே விவாதம்தான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர். எல்லோரும் கைக்காசு போட்டு வந்து பேசினார்கள்.

அப்புறம் இணையம் வந்தது. 1997-ல் தமிழ்நெட் தொடங்கியது. போர் நடக்கும் இடத்தில் என்ன ஆனது என்று அரசு அறிக்கைக்கு வெளியே தெரிந்துகொள்ள அதுவரை வழி குறைவு. தமிழ்நெட் அதை மாற்றியது. அது தமிழ்த் தேசியத்தின் பக்கம் சாய்ந்தது என்ற விமர்சனமும் கூடவே இருந்தது. அதன் மூத்த ஆசிரியர் தராகி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் இலங்கைக்குள் அந்தத் தளமே முடக்கப்பட்டது.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. வெளிநாட்டில் இருந்து எழுதும் எழுத்துக்கும் உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். விலை கொடுப்பவர் பெரும்பாலும் அந்த உள்ளூர் ஆள்தான்.

பூட்டு ரெண்டு பக்கமும்

அரசு தடுத்தது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். சொந்தச் சமூகமும் வாயை அடைத்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம. "முறிந்த பனை" நூலை எழுதியவர்களில் ஒருவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என யார் செய்த தப்பையும் மறைக்காமல் பதிவு செய்தார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 1994 மே 1 அன்று பாரிஸில் சபாரத்தினம் சபாலிங்கம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்ட வரலாற்றை எழுதிப் பதிப்பிக்கும் முயற்சியில் இருந்தவர். ரெண்டு கொலைகளுக்கும் விடுதலைப் புலிகள் மீதுதான் குற்றச்சாட்டு.

பாரிஸில் உட்கார்ந்திருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்த பிறகு எத்தனை பேர் பேசுவார்கள்? அப்படியும் சிலர் பேசினார்கள். 2000-களில் "ஸ்ரீலங்கா டெமாக்ரசி ஃபோரம்" என்ற பேரில் புலம்பெயர்ந்தவர்கள் சிலர் சேர்ந்து, அரசின் மனித உரிமை மீறலையும் புலிகளின் மீறலையும் ஒரே அறிக்கையில் கண்டித்தார்கள். ரெண்டு பக்கமும் "துரோகி" பட்டம் கிடைத்தது. லிபரல் டெமாக்ரசியைப் பற்றிப் பேசுவது என்றால் உண்மையில் இதுதான். எதிரி செய்த தப்பைச் சொல்வது சுலபம், நம்ம ஆள் செய்த தப்பைச் சொல்வதுதான் கஷ்டம்.

"கற்பிதச் சமூகங்கள்" என்ற கருத்தால் பேர் பெற்ற அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1992-ல் இன்னொரு சொல்லையும் தந்தார். தமிழில் "தூரத்துத் தேசியம்" எனலாம். அவர் சொல்வதன் சாரம் இது: வெளிநாட்டில் இருந்து அரசியல் செய்கிறவர் அந்த நாட்டில் வரி கட்டுவதில்லை, ஓட்டுப் போடுவதில்லை, அங்குள்ள நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வதில்லை, சிறைக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே அவர் பேச்சு உள்ளூர்க்காரர் பேச்சைவிடத் தீவிரமாகப் போக வாய்ப்பு அதிகம். இதைப் படிச்சப்போ எனக்கு என் வாட்ஸ்அப் மெசேஜ்தான் ஞாபகம் வந்துச்சு. குடை பிடிச்சுக்கிட்டு நின்னு புரட்சி பண்ணச் சொன்னவன் நான்தானே!

போருக்குப் பிறகு

2009 ஜனவரி 8 அன்று சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொழும்பில் கொல்லப்பட்டார். 2010 ஜனவரி 24 அன்று கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். அந்தக் காலத்தில் பல பத்திரிகையாளர்கள் நாட்டை விட்டுத் தப்பிப் போனார்கள். அவர்களில் சிங்களவர்களும் நிறைய. அதுவரை புலம்பெயர் அரசியல் என்றால் தமிழர் அரசியல் என்றுதான் இருந்தது. இப்போது சிங்களப் பத்திரிகையாளரும் தமிழ்ப் பத்திரிகையாளரும் ஒரே பக்கம் நிற்க வேண்டி வந்தது. நாடு கடந்த பத்திரிகையாளர்கள் சேர்ந்து "இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள்" அமைப்பை உருவாக்கினார்கள். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய, கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சியை வெளியே கொண்டுவந்தது இவர்கள்தான். 2011-ல் கொழும்பு டெலிகிராஃப் வெளிநாட்டில் இருந்து தொடங்கியது. இலங்கைக்குள் அதைப் பலமுறை முடக்கினார்கள். ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்துப் படித்தார்கள்.

2015 ஜனவரி 8 தேர்தலில் ஆட்சி மாறியது. முடக்கிய தளங்களைப் புது அரசு திறந்துவிட்டது. 2016-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. "வெளியில் இருந்து எழுதியதால்தான் ஆட்சி மாறியது" என்று சொல்ல முடியாது. ஓட்டுப் போட்டது உள்ளே இருந்த மக்கள். வெளிநாட்டில் இருக்கும் இலங்கையருக்கு அங்கிருந்தே ஓட்டுப் போடும் வசதி கிடையாது. ஆனால் உள்ளே அச்சிட முடியாததை வெளியே இருந்து எழுதிப் பேச்சை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த அளவுக்குப் பங்கு உண்டு.

பர்மா சொல்லும் பாடம்

இலங்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று இன்னொரு நாட்டையும் பார்த்தேன். எங்க ஊர்ல முடீஸ் பக்கத்து எஸ்டேட்டுகளைப் பத்திப் பேசும்போது "பாம்பே பர்மா" என்ற பேர் அடிக்கடி காதுல விழும். 1863-ல் பர்மாத் தேக்கு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி அது. 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அகதிகளாகத் திரும்பினார்கள். சென்னை பர்மா பஜார் அந்தக் கதைதான்.

பர்மிய ஜனநாயகத்துக்காக வெளியே இருந்து நடந்த இணைய முயற்சிதான் உலகத்திலேயே முன்னோடிகளில் ஒன்று. 1995-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சார்னி என்ற பர்மிய மாணவர் "ஃப்ரீ பர்மா கொயலிஷன்" அமைப்பைத் தொடங்கினார். கையில் இருந்த கருவி மின்னஞ்சல் மட்டும்தான். கல்லூரி கல்லூரியாக மாணவர்கள் சேர்ந்தார்கள். "ராணுவ ஆட்சி நடக்கும் பர்மாவில் பெப்சி வியாபாரம் செய்யக்கூடாது" என்பது கோரிக்கை. 1996-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக உணவகம் பெப்சி ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 1997-ல் பெப்சி பர்மாவை விட்டு வெளியேறியது. நம்ம வயசுப் பசங்க, அதுவும் 1990-கள்ல, மின்னஞ்சலை வச்சு சாதிச்சாங்க!

ஆனா கதை அங்கே முடியல. ராணுவம் அசையவில்லை. சில வருஷம் கழித்து, பொருளாதாரத் தடைகள் பலன் தரவில்லை என்று சொல்லி சார்னி தன் நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டார். அதற்காக நிறையத் திட்டு வாங்கினார். என்னைக் கேட்டால், பெப்சியை வெளியேற்றியதைவிட இது பெரிய காரியம். "நாம கேட்டது நடந்துச்சு, நாம நினைச்சது நடக்கல" என்று பார்த்துத் திருத்திக்கொண்டவர் அவர்.

ஆஸ்லோவில் இருந்து இயங்கிய "பர்மாவின் ஜனநாயகக் குரல்" இன்னொரு மாதிரி. 2007 செப்டம்பரில் புத்த பிக்குகள் தெருவுக்கு வந்தபோது, உள்ளூர் இளைஞர்கள் ஒளித்து எடுத்த காட்சிகளை வெளியே அனுப்பினார்கள். ஆஸ்லோ அதை உலகத்துக்கும், திரும்ப பர்மாவுக்கும் ஒளிபரப்பியது. ராணுவம் பயந்து நாட்டின் இணையத்தையே துண்டித்தது. இங்கே முதலில் பேசியவர்கள் உள்ளே இருந்தவர்கள். வெளியே இருந்தவர்கள் அதற்கு ஒலிபெருக்கி.

கருவி எந்தப் பக்கமும் வெட்டும்

இணையம் இருந்தாலே ஜனநாயகம் வந்துவிடாது. 2018 மார்ச்சில் கண்டி பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. பேஸ்புக்கில் பரவிய வெறுப்புப் பேச்சுக்கு அதில் பங்கு இருந்தது. அரசு ஒரு வாரம் சமூக வலைத்தளங்களைத் தடுத்தது. தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக 2020-ல் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

2022-ல் அதே கருவி வேறு மாதிரி வேலை செய்தது. அந்த நெருக்கடியின் ஒரு காரணத்தைத் தேயிலை ஊர்க்காரன் என்ற முறையில் சொல்றேன். 2021 ஏப்ரலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தார். விவசாயியைக் கேட்கவில்லை. உரம் இல்லாமல் கொழுந்து குறைந்தது, கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வருமானம் குறைந்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது நேரம் கடந்திருந்தது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 3 அன்று அரசு சமூக வலைத்தளங்களைத் தடுத்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் அன்றே திறக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 9-ல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தன. லண்டனிலும் மெல்பர்னிலும் இலங்கையர்கள் அதே கோஷத்தோடு நின்றார்கள். அங்கே தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சியை அதே திடலில், சிங்களவர்களும் சேர்ந்து பகிர்ந்தார்கள். ஜூலை 14 அன்று கோட்டாபய சிங்கப்பூரில் இருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார்.

பல வருஷமாக இணையத்திலும் கூட்டங்களிலும் சிறிய எண்ணிக்கையில் ஆட்கள் பேசிவந்த "மற்றவரின் துக்கத்தையும் அங்கீகரிப்பது" என்ற விஷயம் அந்தக் கஞ்சியில் கொஞ்சம் நிஜமானது. எல்லாம் சரியாகிவிடவில்லை. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் பேச்சுரிமையை மறுபடி நெருக்குகிறது என்று அங்கே கடும் விமர்சனம் இருக்கிறது.

நம்ம பாடத்துல இதுக்கு ஒரு பேர் இருக்கு

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஹாஸ்டல் மொட்டைமாடி டேங்குக்கு மோட்டார் போட்டுட்டு தூங்கப் போயிட்டா என்ன ஆகும்? தண்ணி வழியும். டேங்க் நிறைஞ்சதான்னு மோட்டாருக்குத் தெரியாது. அது ஓப்பன் லூப். உள்ளே ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வச்சா, நீர்மட்டமே மோட்டாரை நிறுத்தும். அது க்ளோஸ்டு லூப்.

1964 ஒப்பந்தம் ஓப்பன் லூப். 2021 உரத்தடை ஓப்பன் லூப். "கொழும்புக்குக் கிளம்புங்க அண்ணே" என்ற என் மெசேஜும் ஓப்பன் லூப்தான். அனுப்பியவனுக்கு விளைவு தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழி வைக்கவில்லை.

தூரம் ஒரு தகுதிக்குறைவு இல்லை. சில நேரம் தூரத்தில் இருப்பவர்தான் பேச முடியும். உள்ளே வாய் திறந்தால் வெள்ளை வேன் வரும் காலத்தில், வெளியே இருந்தவர்கள்தான் பேசினார்கள். கேள்வி வேறு: உள்ளே இருப்பவர் திருப்பிப் பேச வழி இருக்கிறதா? அவர் "வேண்டாம்" என்றால் வெளியே இருப்பவர் கேட்டுக்கொள்கிறாரா? இந்த ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன எல்லா உதாரணமும் தெளிவாகப் பிரியும். ஆஸ்லோ கேட்டது. சார்னி தாமதமாகவாவது கேட்டார். பணம் அனுப்பிப் போரை நீட்டித்தவர்கள் கேட்கவில்லை.

பேச்சில் இல்லாத ஆள்

இந்தத் தேடலில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று. முப்பது வருஷ இணையப் பேச்சில் மலையகத் தமிழரின் குரல் மிகக் குறைவு. பேசியவர்களிடம் ஆங்கிலம் இருந்தது, கணினி இருந்தது, ஐரோப்பிய, கனடியக் குடியுரிமை இருந்தது. லயத்தில் இருந்தவரிடம் எதுவும் இல்லை. ஜனநாயகத்தைப் பற்றிய பேச்சிலேயே, முதன்முதலில் ஜனநாயகத்தால் வெளியே தள்ளப்பட்டவர் இல்லை!

ஸ்மார்ட்போன் வந்ததும் அது மாறத் தொடங்கியது. 2018 அக்டோபர் 24 அன்று, நாள் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். சமூக வலைத்தளம் வழியாகத்தான் ஆள் சேர்ந்தது. 2022 போராட்டத்துக்கு மூணரை வருஷம் முன்னாடி, அதே திடல்! 1,000 ரூபாய் அரசாணையாக வந்தது 2021 மார்ச்சில். 2023-ல், முன்னோர் வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தக் காலத்தில் காடு வழியாகச் செத்தும் பிழைத்தும் போன பாதை அது. சிங்கள, முஸ்லிம் மக்களும் வழியில் கூட நடந்தார்கள். எங்க குரூப்ல தினமும் படம் வந்துச்சு. அந்த ரெண்டு வாரமும் அப்பாயி என் போனைத் திருப்பித் தரவே இல்ல.

சரி, நமக்கு இதுல என்ன?

கோயம்புத்தூர்ல, சென்னையில படிக்கிற நாமும் ஒரு வகையில சின்னப் புலம்பெயர் சமூகம்தான். வால்பாறை இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிட்டாங்க. இங்கிருந்து ஊரைப் பத்தி ஸ்டேட்டஸ் போடுறோம். எங்க எஸ்டேட் லைன்ல இப்போ ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர்கள் இருக்காங்க. அவங்க ஊர்த் தேர்தலுக்கு அவங்களால போக முடியறதில்ல. வெளிமாநிலத்தில் இருந்தே ஓட்டுப் போட ஒரு மின்னணு இயந்திரத்தின் மாதிரியை நம் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டக் கூட்டம் கூட்டியது. கட்சிகளிடம் ஒத்த கருத்து வரவில்லை. எங்க அப்பாயிக்கு 1949-ல நடந்தது சட்டத்தால. இவங்களுக்கு நடக்கிறது பஸ் டிக்கெட்டால, ரயில் டிக்கெட்டால. ஓட்டு இருக்கு, போட முடியல. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது ஒரு நல்ல ப்ராஜெக்ட் தலைப்பும்கூட.

தூரத்துல இருந்து பேசுறதுக்கு முன்னாடி நான் இப்போ எனக்கு நானே கேட்டுக்கிற கேள்விகள்:

1. இதனால பாதிப்பு வந்தா அது யாருக்கு? எனக்கா, அவங்களுக்கா?
2. அவங்க என்ன வேணும்னு சொன்னாங்க? நான் கேட்டேனா, நானே முடிவு பண்ணினேனா?
3. என் பக்கத்து ஆள் செஞ்ச தப்பையும் இதே குரல்ல சொல்வேனா?
4. நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா அதே இடத்துல திருத்துவேனா?

கலந்துரையாடலுக்கு ரெண்டு கேள்வி உங்களுக்கும் விடுறேன். வெறுப்புப் பேச்சைத் தடுக்க அரசு இணையத்தையே நிறுத்துறது சரியா? வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஓட்டு கொடுக்கணுமா, பேச்சு மட்டும் போதுமா? துறைக் கூட்டத்துல பேசுவோம்.

கடைசியா, அண்ணன் விஷயம். அந்த வாய்ஸ் நோட்டுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் பதில் போட்டேன். "மன்னிச்சுக்கோங்க அண்ணே. உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டேன். மாவு, மண்ணெண்ணெய்னு ஏதாவது சொல்வார்னு நினைச்சேன். அவர் சொன்னது வேற.

"நாங்க இருக்கிற இந்த லயத்துக்குக் கீழ இருக்கிற துண்டு மண்ணு எங்க பேர்ல இல்ல தம்பி. இருநூறு வருஷமா இல்ல. முடிஞ்சா அதைப் பத்தி எழுது."

எழுதிட்டேன் அண்ணே.